கண்டது சரி, ஆரெண்டு தெரிஞ்சுதா?

திங்கட்கிழமை எங்கட கடை பூட்டு. கொத்துறொட்டித் தகட்டுச் சத்தம் காதுக்குள்ளால இறங்க ஒரு நாள் வேணும், அந்த நாள்தான் திங்கள். போன பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு திங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு பென்டில் ஹில் ஸ்டேஷனில் ரெயில் ஏறி சிட்டிக்குப் போனேன். ஒப்பரா ஹவுஸைப் பார்த்துவிட்டு பூங்காவுக்குள்ளால் நடந்து, மிஸிஸ் மக்குவாரிஸ் செயார் என்று சொல்கிற முனையில் இருந்து, வீட்டில் கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் அவிழ்த்தோம். அதிலிருந்து பார்த்தால் கார்டன் ஐலண்ட் கடற்படைத் தளம் நேரே தெரியும். சாம்பல் நிறக் கப்பல்கள் வரிசையாக நின்றன.

"அப்பா, அந்தக் கப்பல்ல எட்டு மூலையில பலகை மாதிரி ஒட்டிக் கிடக்கே, அது என்ன?"

ஹோபார்ட் வகைப் போர்க்கப்பல். 2017இல் முதலாவது கப்பல் சேவைக்கு வந்தது, இப்போது மூன்று இருக்கின்றன. அந்த எட்டு மூலைப் பலகைதான் அதன் ராடார் என்று சொன்னேன். சுற்றிச் சுழலாது, நாலு பக்கமும் ஒட்டியபடியே நின்று எல்லாத் திசையையும் பார்க்கும்.

"எல்லாத்தையும் காணுமோ?"

"கனதூரம் காணும்."

"அப்ப நீங்க வந்த போட்டையும் கண்டவையோ?"

இடியப்பம் தொண்டையில் நின்றுவிட்டது. "பிறகு சொல்லுறன்" என்று சமாளித்தேன். அந்தப் பிறகுதான் இது.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன். படித்தவன் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடுப்பட்டபோது நான் லீவுக்குத் திருகோணமலையில் வீட்டில் நின்றேன். மிச்சப் படிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பட்டம் இல்லை, ஆனால் கேள்விகள் போகவில்லை. இரவு வேலை முடிந்து வந்து வாசிக்கிற பழக்கமும் விடவில்லை. ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராடார் என்பது மாயம் இல்லை. கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் எங்கள் குரலே திரும்பி வரும் அல்லவா? அதே விசயம்தான், சத்தத்துக்குப் பதிலாக வானொலி அலை. அலை செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். அனுப்பிய அலை ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பி வந்தால், பொருள் 150 கிலோமீற்றர் தூரத்தில் நிற்கிறது என்று கணக்கு. அவ்வளவுதான்.

ஆனால் பூமி உருண்டை. அலையோ ஏறக்குறைய நேராகத்தான் போகும். 25 மீற்றர் உயரத்தில் ராடாரைப் பூட்டினாலும், கடலோடு கடலாகக் கிடக்கிற ஒரு வள்ளத்தை 20 கிலோமீற்றருக்கு அப்பால் காண்பது கஷ்டம். அதே ராடார் 3000 மீற்றர் உயரத்தில் பறக்கிற விமானத்தை 200 கிலோமீற்றருக்கு அப்பாலும் காணும். உயரத்தில் வருகிறவன் தூரத்திலேயே பிடிபடுவான், தண்ணீரோடு வருகிறவன் கிட்ட வந்தபிறகுதான் தெரிவான். இதை ஒருபக்கம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எங்கட ஊரில் இந்தக் கதை 1942இல் தொடங்குகிறது. அம்மம்மாவுக்கு அப்போது 13 வயது. "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்றுதான் அவ எல்லாத்துக்கும் கணக்குச் சொல்லுவா. ஆருக்கு எப்போது கலியாணம் நடந்தது, எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது, எல்லாம் அதற்கு முன் அல்லது பின். சனம் மூட்டை முடிச்சோடு தம்பலகாமப் பக்கம் ஓடியதாம்.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானியக் கடற்படை கொழும்பைத் தாக்கியது. முதல் நாளே பேர்ச்சோல் என்ற கனடிய விமானி தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு, தான் சுடப்பட முன்னமே செய்தி அனுப்பிவிட்டார். கொழும்பில் ராடாரும் இருந்தது. இருந்தும் காலையில் ராடாரிடமிருந்து எச்சரிக்கை வரவில்லை. குண்டு விழும் நேரத்தில் இரத்மலானையில் விமானங்கள் இன்னும் நிலத்தில் நின்றன. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9, திருகோணமலை. அங்கே ராடார் தூரத்திலேயே கண்டு சொல்லிவிட்டது, விமானங்கள் முன்கூட்டியே எழும்பிவிட்டன. எழும்பியும் என்ன, சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. துறைமுகத்தை விட்டு வெளியே போயிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே தாண்டது. அதில் மட்டும் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதோடு சேர்ந்து தாண்டது வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பல். அவுஸ்திரேலியாக்காரர் சிலர் எங்கட கடலுக்குள் கிடக்கிறார்கள் என்பது இங்கே கனபேருக்குத் தெரியாது. கடைக்கு வந்த ஒரு வயசான வெள்ளைக்காரரிடம் ஒருநாள் சொன்னேன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அந்தக் காலத்து ராடாருக்குக் கேள்வி ஒன்றுதான். ஏதாவது வருகிறதா, இல்லையா?

யுத்தம் முடிந்து, ஏவுகணைகள் வந்தபிறகு கேள்வி மாறியது. கண்டம் விட்டுக் கண்டம் பாய்கிற ஏவுகணை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் மேலே, காற்று மண்டலத்துக்கு வெளியே போய்த் திரும்பி விழும். அதன் பாதையில் பெரும்பகுதி கடலுக்கு மேலேதான். தரையில் ராடார் கட்ட வேறு நாட்டுக்காரனின் நிலம் வேண்டும், அவன் சம்மதம் வேண்டும். கடலில் யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆகவே ராடார் கப்பல் ஏறியது. அமெரிக்கா 1980களின் தொடக்கத்தில் ஒப்சர்வேஷன் ஐலண்ட் என்ற கப்பலில் கோப்ரா ஜூடி என்ற பெரிய ராடாரைப் பூட்டி, சோவியத்காரரின் ஏவுகணைச் சோதனைகளைப் பார்க்க அனுப்பியது. சோவியத்தும் தன் பங்குக்குக் கப்பல்கள் வைத்திருந்தது. சீனா 1980 மே மாதம் தென் பசிபிக்கை நோக்கித் தன் நீண்டதூர ஏவுகணையைச் சோதித்தபோது, யுவான் வாங் என்ற கப்பல்கள் போய் நின்று பார்த்தன. இந்தப் பெயர் திரும்ப வரும்.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. மகன் கண்ட அந்த எட்டு மூலைப் பலகையின் குடும்பத்துக்கு ஏஜிஸ் என்று பெயர். 1983இல் அமெரிக்கக் கடற்படையில் சேவைக்கு வந்தது. ஒரே நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பொருட்களைப் பின்தொடரும், அந்தக் காலத்தில் அதற்குமேல் ஒன்று இல்லை. பிற்பாடு ஏவுகணையைத் தடுக்கும் வேலைக்கும் இதைத்தான் விருத்தி செய்தார்கள். 2008 பெப்ரவரியில் லேக் ஈரி என்ற கப்பல் இதை வைத்து விண்வெளியில் பழுதாய்ப்போன ஒரு செய்மதியையே சுட்டு விழுத்தியது.

அதற்கு 20 வருடத்துக்கு முன், 1988 ஜூலை 3. பாரசீக வளைகுடாவில் வின்சென்ஸ் என்ற ஏஜிஸ் கப்பல் நின்றது. ஈரானின் பந்தர் அப்பாஸில் இருந்து டுபாய்க்குப் பயணிகள் விமானம் ஒன்று எழும்பியது. கப்பல் அதைப் போர்விமானம் என்று எடுத்து, இரண்டு ஏவுகணைகளால் சுட்டு விழுத்தியது. 290 பேர். 66 பேர் சிறுபிள்ளைகள். ஒருவரும் மிஞ்சவில்லை.

பிறகு அமெரிக்கக் கடற்படையே விசாரித்தது. ராடாரில் பிழை இல்லை! விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று கருவி சரியாகத்தான் பதிந்திருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் இருந்தவர்கள், அது தங்களை நோக்கி இறங்கி வருகிறது என்று ஆளுக்காள் கத்தியிருக்கிறார்கள். அன்று காலை ஈரானியப் படகுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. தாக்க வருவான் என்று காத்திருந்தவர்களின் கண்ணுக்கு, வந்தது தாக்க வருகிறவனாகவே தெரிந்தது. சோதனைச் சாவடியில் நின்ற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அடையாள அட்டையை முழுக்க வாசிக்க முன்னமே முடிவெடுத்துவிட்ட கண்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஆக, ராடாரின் கேள்வி இப்போது "ஏதாவது வருகிறதா" இல்லை. "வருவது ஆர்?" என்பதுதான்.

இந்தக் கேள்விக்கென்றே அமெரிக்கா கட்டியதுதான் எஸ்பிஎக்ஸ் என்ற மிதக்கும் ராடார். கப்பல் என்று சொல்ல ஏலாது. நோர்வேக்காரர் வரைந்து ரஷ்யாவின் வைபோர்க் துறையில் கட்டப்பட்ட, கடலில் எண்ணெய் தோண்டும் மேடை அது. அமெரிக்கா அதை வாங்கி, டெக்ஸாஸில் மாற்றிக் கட்டி, மேலே பெரிய வெள்ளைப் பந்து மாதிரி ஒரு கூடாரம் வைத்து, அதற்குள் ராடாரை இருத்தியது. நீளம் 116 மீற்றர், உயரம் 85 மீற்றர், எடை ஏறக்குறைய 50 ஆயிரம் தொன். 2006 ஜனவரியில் இன்னொரு பெரிய கப்பலின் முதுகில் ஏற்றி ஹவாய்க்குக் கொண்டுவந்தார்கள். வட கொரியா ஏவினால் பார்ப்பதற்கு ரஷ்யாவில் கட்டின எண்ணெய் மேடை. உலகம் இப்படித்தான்.

அது என்ன செய்யும்? எங்கட சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். பெரிய கண் அரிதட்டால் அரித்தால் கல்லும் குருநலும் ஒன்றாகத்தான் விழும், மாவரிக்கிற சின்னக் கண் அரிதட்டு பிரித்துக் காட்டும். நீளமான அலை தூரம் தேடும், ஆனால் ஒரு புள்ளியைத்தான் காட்டும். எஸ்பிஎக்ஸின் அலை ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர்தான். அது புள்ளியின் உருவத்தையே பிரித்துப் பார்க்கும். ஏன் தேவை? ஏவுகணை விடுகிறவன் உண்மைக் குண்டோடு சேர்த்துப் பொய்ப் பலூன்களையும் விடுவான். அந்த உயரத்தில் காற்று இல்லை, ஆகவே இறகும் இரும்பும் ஒரே வேகத்தில்தான் போகும். எது குண்டு, எது பலூன் என்று பிரிக்கத் தெரியாவிட்டால் தடுக்கிற ஏவுகணையைப் பலூனுக்கு அடித்து வீணாக்க வேண்டியதுதான்.

சன் பிரான்சிஸ்கோவுக்கு மேலே கிடக்கிற ஒரு பேஸ்போல் பந்தை, அமெரிக்காவின் மறு கரையில் உள்ள செசப்பீக் குடாவில் இருந்தே இது காணும் என்று 2007இல் அந்தத் திட்டத்தின் தலைவர் செனட் சபையில் சொன்னார். ஏறக்குறைய 4000 கிலோமீற்றர்! ஆனால் அவர் சொல்லாதது, ஒரே நேரத்தில் அது பார்க்கக்கூடிய கோணம் 25 பாகைதான் என்பது. புட்டுக் குழலுக்குள்ளால் வானத்தைப் பார்க்கிற மாதிரி. எங்கே பார்க்கவேண்டும் என்று வேறு யாராவது முதலில் சொல்லவேண்டும். 2010 ஜனவரியில் ஒரு தடுப்புச் சோதனை தோற்றபோது, எஸ்பிஎக்ஸ் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். 2012இல் செலவு கட்டாமல் அதன் வேலையைக் குறைத்தார்கள். 2017 மே மாதம் நடந்த சோதனையில் சரிவந்தது. அதுவரைக்கும் போன காசு 2 பில்லியன் டொலருக்கும் மேல்.

சரி, எங்கட கடலுக்கு வருவம். 2006 நவம்பர் 27இல் இந்தியா தன் முதலாவது தடுப்பு ஏவுகணையை ஒடிசாக் கரைக்கு அப்பால் ஒரு தீவில் இருந்து விட்டது. அந்தத் தீவுக்கு 2015இல் அப்துல் கலாம் தீவு என்று பெயர் வைத்தார்கள். இராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன் கலாம். 2021 செப்ரெம்பரில் ஏவுகணைகளைப் பின்தொடரும் ராடார்கள் பூட்டிய துருவ் என்ற கப்பல் விசாகப்பட்டினத்தில் கடற்படையோடு சேர்ந்தது. 2023 ஏப்ரல் 21இல் கப்பலில் இருந்தே தடுப்பு ஏவுகணையை விட்டுப் பார்த்தார்கள். வங்காள விரிகுடா இப்போது ராடார்க் கடல்.

அதுக்குள்ள 2022 ஆகஸ்ட் 16ஆம் திகதி அம்பாந்தோட்டைக்கு வந்து சேர்ந்தது யுவான் வாங் 5. முன்னே சொன்ன அதே சீனக் கப்பல் வரிசை. செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் பெரிய கிண்ண அன்ரெனாக்களைச் சுமந்த கப்பல். தன் சோதனைகளை ஒட்டுப் பார்க்கத்தான் வருகிறது என்று இந்தியா பயந்தது. விஞ்ஞான ஆராய்ச்சி என்று சீனா சொன்னது. இலங்கை முதலில் பிந்தி வரச் சொல்லி, பிறகு வா என்று சொல்லி, எங்கட கடலுக்குள் ஆராய்ச்சி செய்யாதே என்று நிபந்தனையும் போட்டது. 22ஆம் திகதி கப்பல் போய்விட்டது. அந்த ஒரு கிழமையும் தமிழ்ப் பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் அந்த வெள்ளைக் கிண்ணங்கள்தான்.

அதே வருடம், மார்ச் 22. மன்னார்ப் பக்கத்தில் இருந்து அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் தமிழர் 16 பேர் வள்ளத்தில் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஆறு பேரை, குழந்தைகளும் அடக்கம், அரிச்சல்முனைக்குக் கிட்ட ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு ஓட்டி திரும்பிப் போய்விட்டான். இந்தியக் கரையோரக் காவல்படை போய் எடுத்தது. நவம்பரில் 303 இலங்கையர் நிறைந்த கப்பல் ஒன்று வியட்நாமுக்கு அப்பால் தத்தளித்தது. அந்த வழியால் போன ஜப்பானியக் கப்பல் அவர்களை ஏற்றியது. ஒரே வருடம். விண்வெளியில் கிடக்கிற பொருளைப் பார்க்கிற கப்பலைப் பற்றிக் கதைத்த அளவில் நூறில் ஒரு பங்கு, தண்ணீரோடு கிடந்த இந்தச் சனத்தைப் பற்றிக் கதைத்தோமா? நானும் கதைக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இங்கே அவுஸ்திரேலியாவுக்கும் பெரிய ராடார் இருக்கிறது. ஜின்டலி என்று பெயர். கடலில் இல்லை, நாட்டின் நடுப் பாலைவனப் பக்கம். அது நேரே பார்க்காது, வானத்தின் மேல் அடுக்கில் அலையைப் பட்டுத் தெறிக்கவைத்து, பூமியின் வளைவுக்கு அப்பால் 1000 முதல் 3000 கிலோமீற்றர் வரை பார்க்கும். கெட்டிக்கார வேலைதான். ஆனால் அதற்கு இரும்பு வேண்டும், உருவம் பெரிசாக இருக்கவேண்டும். சின்ன மரப்படகு அதற்குக் கடல் இரைச்சல்.

2010 டிசம்பர் 15, விடியக்காலை. கிறிஸ்மஸ் தீவின் பாறைக்கரையில் ஒரு மரப்படகு மோதி உடைந்தது. 50 பேர் இறந்தார்கள். ஈரான், ஈராக் பக்கத்துச் சனம். அப்போது அந்தத் தீவில் கடலைக் கண்காணிக்கிற தரை ராடார் இல்லை. கரையில் குடியிருந்தவர்கள்தான் முதலில் கண்ணால் கண்டார்கள். புயலுக்குள் மிதவைச் சட்டைகளை எறிந்தார்கள், கயிறு எறிந்தார்கள், அவ்வளவுதான் முடிந்தது. அந்தப் படகுக்கு இங்கே பதிவில் இருக்கிற பெயர் சீவ் 221. சீவ் என்றால் சந்தேகத்துக்குரிய ஒழுங்கற்ற நுழைவுக் கலம் என்று அர்த்தம். சந்தேகம் முதல் எழுத்திலேயே இருக்கிறது.

எங்கட படகுக்கும் அப்படி ஒரு இலக்கம் இருந்தது. 2012. பத்தொன்பதாம் நாள் மேலே ஒரு விமானம் சுற்றியது. அடுத்த நாள் காலை ஒரு சாம்பல் நிறக் கப்பல் வந்தது. விமானத்தின் ராடார் பிடித்ததா, ஆளின் கண் பிடித்ததா, எனக்குத் தெரியாது. அதில் இருந்து ரப்பர் படகில் இறங்கி வந்த ஒரு பெடியன், இருபது வயசு இருக்கும், முகம் வெயிலில் சிவந்துபோய், கிட்ட வந்து கேட்ட முதல் கேள்வி, "சின்னப் பிள்ளையள் எத்தனை பேர்?" ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நாலு பேர் என்றேன். தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கித் தந்துவிட்டு என்ர பெயரைக் கேட்டான். மூன்று தரம் சொல்லவைத்துச் சரியாகச் சொல்லிப் பழகினான். அதற்குப் பிறகு எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் இருந்து "நீ ஆர்?" என்ற கேள்விக்கு மறுமொழி சொல்லிவிட்டேன், வருடக்கணக்காக. அந்தப் பெடியன் கேட்ட மாதிரி ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் இந்தக் கருவிகளுக்கு எதிரி இல்லை. ஏவுகணை வந்தால் தடுக்கத்தான் வேணும், பௌதிகம் படித்தவனுக்கு அந்தக் கெட்டித்தனத்தில் ஆசையும் உண்டு. ஆனால் 1942 தொடக்கம் இன்றுவரை கருவி தூரம் தூரமாகக் காண்கிறதே தவிர, கண்டதை ஆரென்று முடிவெடுக்கிறது அறைக்குள் இருக்கிற மனிசன்தான். அவன் ஏற்கனவே பயந்துபோய் இருந்தால் 3 சென்ரிமீற்றர் அலையும் அவனுக்கு உதவாது.

அடுத்த திங்கள் மகனுக்கு இதைத்தான் சொன்னேன், இவ்வளவு நீட்டாமல். அவன் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"அப்பா, உங்கட பேரைக் கேட்ட அந்த ஆளின்ர பேர் என்ன?"

நான் கேட்கவில்லை.